கல்லும் குடியும்: பினாங்கு நகர் புத்துயிர் பெற்ற வரலாறு

கோவிலில்லாத ஊரிலே குடியிருத்தல் ஆகாது என்பது நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவந்த வார்த்தை. அதனைச் சற்றே திருப்பி, குடியில்லாத ஊரிலே கோவில் என்னாகும் என்று வினவியோர் மிகச் சிலர். பள்ளியிலே உரோம சரித்திரம் படித்தோர் இவ்வினாவின் பொருளை எளிதில் உணர்வர். ஒரு காலத்திலே உலகத்துக்கே நீதி வழங்கிய உரோமாபுரியின் பழைய மன்றம், குடிகள் அகன்ற பின்னர் மாடு மேயும் வெளியாகி, மாட்டுவெளி என்னும் பெயரையே பெற்றது. தூண்கள் நின்றன, தூண்களின் கீழ் நின்று பேச மனிதர் இல்லை.

பழைய நகரங்களைப் புதுப்பித்தல் என்னும் பெருமுயற்சி இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. அம்முயற்சியிற் காக்கப்படுவது எது? கல்லா, குடியா? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்ட நாம், பினாங்குத் தீவிலுள்ள ஜோர்ஜ் ரவுன் என்னும் நகரத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். எம்மவருக்கு அது முற்றிலும் அந்நியமான ஊரன்று. இரயிற் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் வேண்டி நம் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில், கொழும்பிலிருந்து கிழக்கே சென்ற கப்பல்கள் தங்கும் பெருந்துறையாய் விளங்கியது பினாங்கு. மலாயாப் பென்சன்காரரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பெரியோர் எம் சங்கத்திற் பலர் உளர்.

நகரின் தோற்றம்

1786 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11 ஆந் திகதி, பிரான்சிஸ் லைற் என்னும் ஆங்கிலேயன் கிழக்கிந்தியக் கும்பனியின் பேரால் இத்தீவிலே கொடியேற்றினான். தீவு கெடா நாட்டுச் சுல்தானுக்கு உரியது. சீயத்தின் படையெடுப்புக்கு அஞ்சிய சுல்தான், கும்பனியார் படைத்துணை தருவர் என்னும் நம்பிக்கையிலேயே இடங்கொடுத்தான். தீவு கைமாறியது, துணையோ வந்திலது. அடர்ந்த காட்டை வெட்டுதற்கு ஆட்களை ஊக்குவான் வேண்டி, லைற் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை இட்டுக் காட்டினுள்ளே சுடுவித்தான் என்பது செவிவழிக் கதை. கதை எவ்வாறாயினும், மன்னன் மூன்றாம் ஜோர்ஜின் பெயர் தாங்கி, லைற் வீதி, கடற்கரை வீதி, சூலியா வீதி, பிற் வீதி என்னும் நான்கு வீதிகளுக்கு உட்பட்ட ஒரு சிறு நகரம் விரைவில் எழுந்தது.

தீர்வையற்ற துறைமுகமாதலின் பல திசை வணிகரும் அங்கு வந்து கூடினர். கெடாவிலே முன்னரே வாணிகஞ் செய்துவந்த சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து வந்தனர். சீனர், மலாயர், அச்சே நாட்டினர், ஆர்மீனியர், அராபியர் எனப் பலரும் வந்தனர். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகோட்டிகளும் துறைமுகத் தொழிலாளரும் வந்தனர். பின்னர் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வந்து கிட்டங்கிகள் அமைத்துக் கடன் கொடுத்து வாங்கினர். அதனால் பினாங்கு வீதி தமிழர் வாயிலே கிட்டங்கித் தெரு ஆயிற்று. மார்க்கற் வீதி கடைத் தெரு ஆயிற்று. அரசாங்கப் பலகையில் ஒரு பெயரும் மக்கள் நாவில் வேறொரு பெயருமாக அந்நகரின் வீதிகள் வாழ்ந்தன.

பிற் வீதியும் அதன் அயலும் ஈண்டு நோக்கற்பாலன. அங்கே சீனரின் கருணைத் தேவி கோவில் 1800 ஆம் ஆண்டளவில் எழுந்தது. சூலியர் தலைவராகிய காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801 இல் தோன்றியது. ஆங்கிலத் திருச்சபையின் புனித ஜோர்ஜ் தேவாலயம் 1818 இற் கட்டி முடிந்தது. அயலிலுள்ள குயின் வீதியில் மகாமாரியம்மன் கோவில் 1833 இல் அமைந்தது. கால்மணி நேர நடைக்குள்ளே நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்கள்! இவற்றை ஓர் அரசன் திட்டமிட்டு அமைத்தானல்லன். அவ்வத் தெருவிலே குடியிருந்தோர் தாம் உழைத்த பணத்திலிருந்து எடுத்துக் கட்டினர். அஃதாவது, முன்னே குடி, பின்னே கோவில்.

கடையும் வீடும்

அந்நகரத்துக் கட்டடங்களிற் பெரும்பாலானவை கடைவீடுகள். முகப்பு ஒடுங்கியது, உட்புறம் மிக நீண்டது. கீழே கடை, மேலே குடியிருப்பு. நடுவே வானம் பார்த்த முற்றம். நம் நாற்சார் வீட்டு முற்றம் போல ஒளியும் காற்றும் மழையும் அதன் வழியே இறங்கும். கடை முன்னே மேல்மாடியின் நிழலிலே ஐந்தடி அகலமான நடைபாதை வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்லும். அதனை அங்குள்ள தமிழர் ஐந்தடி என்றே வழங்குவர். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிச் செல்வோருக்கு அது பாதை. பூக்கட்டுவோருக்கும் சிறு வியாபாரிகளுக்கும் அதுவே தொழிற்களம்.

சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரை மண் ஓடு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. அதன் மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்துச் செங்கல் உதிர்ந்துபோம். பழைய வீட்டைத் திருத்துவதாக எண்ணிச் சீமெந்து பூசியவர் பலர் அதன் ஆயுளைக் குறைத்தனர் என்பதை இன்றைய திருப்பணியாளர் எடுத்துக் காட்டுவர். பழையதைப் பேணுதற்கு அன்பு மாத்திரம் போதாது, அறிவும் வேண்டும்.

நகரம் தேய்ந்த காலம்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின், குறிப்பாக மலாயா சுதந்திரம் பெற்ற பின், நகரின் நிலை மெல்ல மாறியது. 1960 களின் பிற்பகுதியிலே தீர்வையற்ற துறைமுகம் என்னும் சலுகை பறிபோயிற்று. 1970 களிலே துறைமுகத்தின் பெருவேலைகள் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் பெயர்ந்தன. தீவின் தெற்கே பாயான் லெப்பாசிலே தொழிற்சாலைகள் எழுந்தன; இளைஞர் அங்கு வேலை தேடிச் சென்றனர். புறநகரிலே காற்றோட்டமான புதிய வீடுகள் கிடைத்தமையால் வசதியுடையோர் தாமாகவே வெளியேறினர். இதனையும் நாம் மறைத்தலாகாது. பழைய நகரை விட்டுச் சென்றோர் அனைவரும் துரத்தப்பட்டோரல்லர்.

அக்காலத்தில் நகரைப் புதுப்பித்தல் என்பதற்கு இடித்துக் கட்டுதல் என்றே பொருள் கொண்டனர். 1974 இல் வேலை தொடங்கி 1980 களில் நிமிர்ந்த கொம்தார் என்னும் 65 மாடிக் கோபுரம் அக்கொள்கையின் குழந்தை. அதற்கு இடம் விடும்பொருட்டுக் கடைவீடுகள் நிறைந்த தெருக்கள் அழிக்கப்பட்டன. கிளாட்ஸ்டன் வீதி இருந்த இடமே இல்லாதொழிந்தது. கோபுரம் நகரின் வாழ்வை மீட்கும் என எதிர்பார்த்தனர். கோபுரம் உயர்ந்தது, அயலிலிருந்த தெருக்களின் வாழ்வு அதனோடு உயர்ந்திலது.

வாடகைச் சட்டமும் அதன் இருமுகமும்

ஆயின் ஏனைய கடைவீடுகள் எவ்வாறு தப்பின? இங்கேதான் வரலாற்றின் விந்தையைக் காண்கின்றோம். அவற்றைக் காத்தது பழைமைப் பற்று அன்று. 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே. 1948 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆந் திகதிவரை கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்தவும், குடியிருப்போரை நினைத்தபடி எழுப்பவும் அச்சட்டம் இடங்கொடுக்கவில்லை. வீட்டுத் தட்டுப்பாட்டால் ஏழைகள் துன்புறலாகாது என்பதே அதன் நோக்கம்.

இதன் ஒரு முகம் இனியது. பூமாலை கட்டுவோரும், ஊதுபத்தி செய்வோரும், பிரம்பு பின்னுவோரும், மரப்பலகையில் எழுத்துச் செதுக்குவோரும், காசு மாற்றுவோரும், மசாலை அரைப்போரும் நகரத்தின் நெஞ்சிலேயே குறைந்த வாடகைக்கு வாழ்ந்து தொழில் செய்தனர். தந்தை இருந்த கடையில் மகன் இருந்தான். மற்றை முகம் கசப்பானது. கிடைக்கும் வாடகை கூரை ஓட்டை மாற்றுதற்கும் போதாதென்று வீட்டுக்காரர் கைவிட்டனர். ஒரு வீட்டிலே பல குடும்பங்கள் பலகைத் தட்டியால் அறை பிரித்து வாழ்ந்தன. மழை ஒழுகியது, மரம் இற்றது, சுவரிலே அரசமரம் வேர்விட்டது. குடி நின்றது; கல் தேய்ந்தது.

இந்நிலை நீடிக்க இயலாது என்று வாதித்தோர் கூற்றிலே நியாயமுண்டு. 1997 இல் நிறைவேறிய சட்டமொன்று பழைய சட்டத்தை நீக்கியது. மாற்றத்துக்கென விடப்பட்ட தவணை 1999 டிசெம்பர் 31 உடன் முடிந்தது. 2000 ஆம் ஆண்டு பிறந்த அன்றே ஆயிரக்கணக்கான வீடுகளின் வாடகை கட்டவிழ்ந்தது. பன்மடங்கு உயர்ந்த வாடகையைக் கொடுக்க இயலாதார் மூட்டை கட்டினர். வயது முதிர்ந்தோர் தம் ஆயுள் முழுவதும் வாழ்ந்த தெருவை விட்டு, முன்பின் அறியாத மாடிக் குடியிருப்புக்களுக்குப் போயினர். தொழிலைப் பெயர்த்துச் செல்ல முடியாத கைவினைஞர் பலர் தொழிலையே விட்டனர்.

குடியெழுப்பிய வீடுகளெல்லாம் உடனே திருத்தப்பட்டனவா? இல்லை. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில வீடுகளிலே சன்னல்களை அடைத்து, உழவாரன் குருவிகளை வரவழைத்து, சீனர் விரும்பி உண்ணும் அக்குருவிக் கூடுகளை விற்றுப் பொருளீட்டினர். மனிதர் இருந்த மேல்மாடியிலே குருவி குடியேறிற்று! இவ்வழக்கம் பின்னர் அந்நகரெல்லைக்குள் தடுக்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டின் முடிவுக்குள் அவற்றை அகற்றுமாறு அரசாங்கம் கட்டளையிட்டது.

உலகம் கைகொடுத்த வேளை

இஃது இவ்வாறாக, நகரின் அருமை உணர்ந்தோர் வாளாவிருந்தாரல்லர். 1986 இலேயே பினாங்கு மரபுரிமைக் கழகம் தோன்றிப் பழைய கட்டடங்களின் பெருமையை எடுத்துரைத்து வந்தது. சியோங் பாட் சே என்னும் சீனச் செல்வரின் நீலமாளிகை 1990 களிலே பழைய முறைப்படி திருத்தப்பெற்று, 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பரிசைப் பெற்றது. அழியும் நிலையிலுள்ள உலக நினைவுச் சின்னங்களின் 2000 ஆம் ஆண்டுப் பட்டியலிலே ஜோர்ஜ் ரவுனின் பெயரும் சேர்ந்தது.

முடிவிலே, 2008 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆந் திகதி, மலாக்காவும் ஜோர்ஜ் ரவுனும் ஒருங்கே உலக மரபுரிமை நகரங்களாய் அங்கீகரிக்கப்பட்டன. ஜோர்ஜ் ரவுனில் 109.38 ஹெக்டேயர் நடுவலயமாகவும், அதனைச் சூழ்ந்த 150.04 ஹெக்டேயர் காப்பு வலயமாகவும் வரையறுக்கப்பட்டன. பல இனத்தாரும் பல சமயத்தாரும் கூடி வாழ்ந்த வாழ்வின் சான்றாக இந்நகரம் நிற்கின்றது என்பது அங்கீகாரத்துக்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று. கட்டடத்தின் அழகு மாத்திரமன்றி வாழ்வின் வகையும் மதிக்கப்பட்டது என்பதனை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அங்கீகாரத்தாற் பயன் விளைந்தது என்பதில் ஐயமில்லை. 18 மீற்றருக்கு மேற்பட்ட கட்டடம் எழுப்பலாகாது என்னும் வரையறை ஏற்பட்டது. அதற்கு மாறாக உயரமான ஹோட்டல்களுக்கு இசைவு அளிக்கப்பட்டிருந்த செய்தி 2008 இன் பிற்பகுதியில் வெளிவந்தபோது பெரும் விவாதம் எழுந்து, யுனெஸ்கோவின் தூதுக்குழுவே வந்து ஆராய்ந்தது. 2009 இல் மத்திய அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனம் அமைத்த திங்க் சிற்றி என்னும் அமைப்பு, 2 கோடி றிங்கிற் நிதிகொண்டு வீடு திருத்துவோருக்கு மானியம் வழங்கியது. சுண்ணாம்பு குழைக்கவும் பழைய மரவேலையைப் பழுதுபார்க்கவும் தெரிந்த கைகளுக்கு மீண்டும் வேலை வந்தது. ஒழுகிய கூரைகள் ஒழுகாதாயின.

எஞ்சியது எது?

ஆயின் திருத்திய வீட்டிலே குடிபுகுந்தவர் யார்? பெரும்பாலும் பழைய குடியினரல்லர். ஹோட்டல்களும் கோப்பிக் கடைகளும் நினைவுப்பொருள் விற்கும் கடைகளும் புகுந்தன. 2012 இலே வெளிநாட்டு ஓவியர் ஒருவர் ஆர்மீனியன் வீதியின் சுவரொன்றிலே சைக்கிளோட்டும் சிறுவர் இருவரைத் தீட்டினார். அவ்வோவியத்தின் முன்னே நின்று படம் எடுக்க உலகமே வரிசையில் நிற்கின்றது. சுவரிலே சிறுவர் சிரிக்கின்றனர்; தெருவிலே விளையாடும் சிறுவர் அருகினர். உலக மரபுரிமை எல்லைக்குள் 2009 இல் ஏறத்தாழ 10,000 பேர் குடியிருந்தனர். 2013 இல் அத்தொகை ஏறத்தாழ 9,400 ஆகக் குறைந்தது. நான்கே ஆண்டுகள்! வாடகைச் சட்டம் நீங்கிய காலத்து வெளியேற்றம் இக்கணக்கிற் சேராதது.

இத்தேய்வு கோவில்களையும் தொடாமற் போகாது. தைப்பூசத்தின் முன்னாளில் முருகப்பெருமானைத் தாங்கிக் கிட்டங்கித் தெருக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்லும் செட்டிமாரின் வெள்ளித் தேர் 1894 ஆம் ஆண்டு தொட்டு ஓடுகின்றது. 2017 முதல் குயின் வீதி மாரியம்மன் கோவிலிலிருந்து தங்க இரதமும் புறப்படுகின்றது. சீனரும் தமிழரோடு நின்று வழிநெடுகத் தேங்காய்களைக் குவித்து உடைப்பர். விழா நாளிலே பல்லாயிரவர் எங்கிருந்தோ வந்து கூடுவர், அதிற் குறைவில்லை. ஆயின் சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை மாலையிலே விளக்கேற்றவும், பூத்தொடுக்கவும், பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கும்பிட்டுப் போகவும் அயலிலே குடி வேண்டுமன்றோ? திருவிழா வெளியூராரால் நடக்கலாம்; நித்திய பூசை உள்ளூராராலேயே நடக்கும்.

வேறு வழி உண்டா?

குடி நின்றபோது கல் தேய்ந்தது; கல் நிமிர்ந்தபோது குடி தேய்ந்தது. இரண்டையும் ஒருங்கே காத்தல் மனிதராற் கூடாத காரியமா என்று மயங்குவோருக்கு இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரம் ஓரளவு விடை தருகின்றது. அந்நகர சபையார் 1969 இலே பழைய நகரத்துக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் வகுத்தனர். 1973 இலே, புறநகரிற் புதுவீடு கட்டுதற்கென அமைந்த பொது வீடமைப்புச் சட்டத்தைப் பழைய நகரத்து வீடுகளைத் திருத்துதற்குப் பயன்படுத்தினர். வீட்டைத் திருத்துவது அங்கு வாழும் தொழிலாளருக்காகவே என்பது அவர்தம் கோட்பாடு. வீடுகளை அரசுடைமையாக்கும் யோசனைக்கு எதிர்ப்பு எழவே, வீட்டுக்காரரோடு உடன்படிக்கை செய்தனர்: சபை திருத்தச் செலவிலே துணைநிற்கும், வீட்டுக்காரர் வாடகையை வரையறைக்குள் வைத்துப் பழைய குடியினரை இருத்துவர். எல்லா வீடுகளிலும் இஃது ஈடேறிற்று என நாம் சொல்லவில்லை. கூரைக்குக் கொடுக்கும் பணத்தோடு குடிக்கும் ஓர் உறுதியைப் பிணைக்கலாம் என்பதை அந்நகரம் செய்து காட்டியது என்பதே எம் கருத்து.

ஜோர்ஜ் ரவுனுக்கு இதனினும் பெரிய வாய்ப்பு ஒன்று உண்டு. அங்குள்ள பழைய வீடுகளிற் பல தனிமனிதருடையன அல்ல. சீனக் குலச் சங்கங்களுக்கும், பள்ளிவாசல்களின் வக்புக்கும், கோவில் தருமங்களுக்கும் உரியன. முன்னோர் அவற்றை எழுதிவைத்தது வாடகையைப் பெருக்கிப் பணஞ் சேர்ப்பதற்கு அன்று. தம்மவர் ஒதுங்க ஓரிடம் இருக்கவேண்டும் என்பதற்கே. ஆகவே தருமச் சொத்தைப் பரிபாலிப்போர், அதிக விலை கேட்டு வருபவனுக்குக் கொடுப்பதா, நாற்பது ஆண்டு பூக்கட்டி வாழ்ந்தவளுக்கு விடுவதா என்று தீர்மானிக்கும்போது, ஒரு வீட்டை மாத்திரமன்று, ஒரு தெருவின் எதிர்காலத்தையே தீர்மானிக்கின்றனர். அரசாங்கம் செய்யத் தவறியதைச் சங்கம் செய்யலாம். சங்கமும் தவறினால் செய்வார் இல்லை.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து வாலிபராகிய நாம் கொள்ளத்தக்கன சில. முதலாவது, பழையதை இடித்தல் மாத்திரமே அழிவன்று; பழையதை அழகுபடுத்தி ஆளில்லாமற் செய்தலும் அழிவே. இரண்டாவது, வீட்டுக்காரரைத் தண்டித்துக் குடியைக் காக்கும் சட்டமும் நிலையாது; குடியைத் துரத்தி வீட்டைக் காக்கும் திட்டமும் பயன்தராது. இருவருக்கும் பங்குள்ள ஏற்பாடே நிலைக்கும். மூன்றாவது, கட்டடங்களுக்குக் கணக்கெடுப்போர் ஆட்களுக்கும் கணக்கெடுத்தல் வேண்டும். இத்தனை கூரை திருத்தினோம் என்று அறிக்கை எழுதும் எந்தச் சபையும், அக்கூரைகளின் கீழ் முன்னர் இருந்தோரில் இத்தனை பேர் இன்றும் இருக்கின்றனர் என்னும் வரியையும் அதே ஏட்டில் எழுதுமாறு நாம் கேட்டல் வேண்டும்.

மடமும் மண்டபமும் தருமக் காணியும் உடைய சங்கங்களும் ஆலயங்களும் எங்கும் உள. அவற்றின் பொறுப்பு இன்று பெரியோர் கையில். நாளை எம் கையில். திருப்பணி என்றதும் கோபுரத்தையும் மதிலையும் நினைத்தல் நம் வழக்கம். கோவிலின் அயலிலே குடியிருப்போன் அங்கேயே தொடர்ந்து குடியிருக்க வழி செய்வதும் திருப்பணியே என்பதனை ஜோர்ஜ் ரவுன் நமக்கு உணர்த்துகின்றது. கல்லைக் குடி காக்கும். குடியை நாம் காப்போம்.